முப்பது பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துப் போகும் ஆசிரியருக்கு

பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகள் 30 பேரை ஒரு நாள் காட்டுக்கு அழைத்துப் போய்க் கானகத் திறன்கள் கற்றுக் கொடுக்கப் போகிறீர்கள். தீ மூட்டுதல், கத்தி வேலை, முடிச்சுகள், குடில் கட்டுதல், மரங்களை அடையாளம் காணுதல், திசைகாட்டி என்று ஆறு பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். இந்த அட்டவணை சரியா, எத்தனை பெரியவர்கள் வேண்டும், எதில் ஆபத்து அதிகம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்கு நேரான பதில்: ஆறில் நான்கை அடித்துவிடுங்கள். பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறேன்; தொடக்கத்தில் நானும் இதே மாதிரிதான் அட்டவணை போட்டேன். அந்த 40 நிமிடத்தில் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முந்தைய இடத்திலிருந்து நடந்து வந்து உட்கார 5 நிமிடம். விளக்கமும் எச்சரிக்கையும் 10 நிமிடம். கருவிகளைக் கொடுக்க 5, எண்ணித் திரும்ப வாங்க 5. மிச்சம் 15 நிமிடம். ஈரச் சுள்ளியோடு போராடித் தோற்பதற்கு அது போதும். ஏன் தோற்றோம் என்று கண்டுபிடித்து மறுபடி செய்து பார்ப்பதற்குப் போதாது. ‘எனக்கு இது வராது’ என்று பிள்ளை முடிவுகட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடந்துவிடும். ஒரே நாளில் ஆறு தடவை அப்படி நடக்க விடலாமா?

காலையில் தீ, மதியத்துக்கு மேல் குடில். அவ்வளவு போதும். இதனால் மற்றவை விட்டுப்போகும் என்று கவலைப்படாதீர்கள். எந்த மரத்தின் சுள்ளி சட்டென்று பற்றும் என்று தேடும்போதே மரங்களைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். குடில் நிற்க வேண்டுமென்றால் முடிச்சு தெரிந்தாக வேண்டும். திசைகாட்டியைப் பள்ளி மைதானத்திலேயே சொல்லிக் கொடுக்கலாம், அதற்குக் காடு தேவையில்லை. கத்தி மட்டும் இந்த முறை வேண்டாம் என்பேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆட்களின் கணக்கு. எத்தனை பிள்ளைக்கு எத்தனை பெரியவர் என்பதற்கு உங்கள் பள்ளியிலோ கல்வித் துறையிலோ விதி இருக்கும். அதற்குக் கீழே போகக் கூடாது. தீ இருக்கும் நாளில் ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று வைப்பது என் வழக்கம். 30 பேர் என்றால் ஆறு குழு, ஆறு பெரியவர். சிறு குழுவாகப் பிரிப்பது புதிய யோசனை ஒன்றுமில்லை. சாரணர் இயக்கத்துக்கு வித்திட்ட முதல் முகாமை 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்தியபோது, வந்திருந்த சுமார் 20 சிறுவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, அணிக்கு ஒரு மூத்த பையனைத் தலைவனாக வைத்தார். ஐந்து பேர் கொண்ட குழுவில் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது; ஒவ்வொருவர் கைக்கும் வேலை வரும்.

இந்த ஆறு பேருக்கு மேல் ஏழாவதாக ஒருவர் கட்டாயம் வேண்டும். அவருக்குக் குழு கிடையாது. முதலுதவிப் பை, பிள்ளைகளின் ஒவ்வாமை, மருந்து விவரம், பெற்றோர் எண்கள் எல்லாம் அவரிடம் இருக்கும். ஒரு பிள்ளைக்குக் கால் சுளுக்கினாலோ, வீட்டு நினைப்பில் அழுதாலோ, கூட இருக்கவும் வாகனம் வரை அழைத்துப் போகவும் அவர்தான். அவர் இல்லாவிட்டால் அந்த வேலைக்கு ஒரு குழுவின் பெரியவர் எழுந்து போவார். ஐந்து பிள்ளைகள் தீக்கு முன்னால் தனியாக இருப்பார்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் இந்த ஏழாவது நபரை மட்டும் குறைக்காதீர்கள், பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

இனி இடம். நிலத்துக்கு உரியவரிடமோ வனத்துறையிடமோ அனுமதி வாங்கும்போது ‘தீ மூட்டுவோம்’ என்பதையும் எழுதிக் கேளுங்கள். காட்டுக்குள் போக அனுமதி என்பது தீக்கு அனுமதி ஆகாது. வறட்சிக் காலத் தடை இருந்தால் மறுபேச்சே கிடையாது. ஒரு வாரம் முன்னால் நீங்களே போய் நடந்து பாருங்கள். நடக்கும்போது எல்லோரும் தரையையே பார்ப்பார்கள். நீங்கள் அண்ணாந்து பாருங்கள். காட்டில் எனக்கு அதிகம் பயம் பாம்பிடம் இல்லை, பட்டுப்போய் மேலே தொங்கிக்கொண்டிருக்கும் கிளையிடம்தான். முறிந்து இன்னொரு கிளையில் மாட்டிக்கொண்டிருக்கும் கொம்பு, எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. அதன் கீழே பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது. அதனால்தான் மழையை விடக் காற்றுக்கு நான் அதிகம் பயப்படுவேன். மழையில் நனைந்தால் உடை மாற்றிக்கொள்ளலாம். பெரிய கிளைகள் ஆடும் அளவுக்குக் காற்று எழுந்தால், செய்துகொண்டிருப்பதை அப்படியே விட்டுவிட்டு மரங்களை விட்டு வெளியே வாருங்கள். இடி கேட்டாலும் அதேதான்: மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் கட்டடத்துக்கோ வாகனத்துக்கோ போய்விட வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப வேண்டும்.

கைபேசிக்கு எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கிறது, ஆம்புலன்ஸ் எதுவரை வர முடியும் என்பதையும் அன்றே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பதற்றத்தில் ‘அந்தப் பெரிய மரத்துக்குப் பக்கத்தில்’ என்று சொன்னால் யாராலும் வந்து சேர முடியாது.

தீக்கு வருவோம். இதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீ என்றதும் பிள்ளைகள் சுடரைத்தான் நினைப்பார்கள். வேலையில் முக்கால் பங்கு சுள்ளி பொறுக்குவதில் இருக்கிறது. தரையில் கிடப்பது பெரும்பாலும் ஈரம் இழுத்திருக்கும். காய்ந்து, கீழே விழாமல் கிளைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும் சுள்ளிதான் முதல் தரம். ஒடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘பட்’டென்று சத்தம் வந்தால் எடுத்துக்கொள், வளைந்து நார் நாராகக் கிழிந்தால் உள்ளே ஈரம், போட்டுவிடு. இந்த ஒரு சோதனையைக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் அரை மணி நேரம் காட்டையே ஒடித்துக் கேட்டுக்கொண்டு திரிவார்கள். பிறகு மூன்று குவியல்: தீக்குச்சி பருமன், பென்சில் பருமன், கட்டைவிரல் பருமன். மெல்லிய குவியல்தான் பெரிதாக இருக்க வேண்டும், இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்கும் அளவு. எல்லாப் பிள்ளைகளும் இதைத் தலைகீழாகத்தான் செய்வார்கள். பெரிய கட்டையை இழுத்து வந்து பெருமையாகப் போடுவார்கள். போடட்டும். பத்து நிமிடத்தில் தீ அணைந்ததும் அவர்களே மெல்லிய சுள்ளியைத் தேடிக்கொண்டு ஓடுவார்கள்.

தீக்குச்சிக்குப் பதிலாக ஃபெரோ ராட் எனப்படும் பொறிக்கோலைக் கொடுங்கள்; சுரண்டி என்ற சிறு உலோகத் தகட்டால் உரசினால் பொறி கொட்டும் கோல் அது. சிகரெட் லைட்டரில் ‘கல்’ என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதே உலோகக் கலவைதான். ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபோன் வெல்ஸ்பாக் 1903-இல் காப்புரிமை பெற்றது. உரசும்போது சிதறும் துகள் காற்றில் எரிந்து சுமார் 3000 டிகிரி செல்சியஸ் வரை போகும். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டு, ‘அவ்வளவு சூட்டில் ஏன் இந்தக் கட்டை பற்றவில்லை?’ என்று கேளுங்கள். துகள் மிகச் சிறியது. அதனிடம் இருக்கும் மொத்த வெப்பம் கொஞ்சம். கட்டை அதை விழுங்கிவிடும். பஞ்சின் ஒற்றை இழைக்கு அந்தக் கொஞ்சமே போதும். வெப்பநிலை வேறு, வெப்பம் வேறு என்று கரும்பலகையில் ஒரு வாரம் சொல்ல வேண்டியது இங்கே ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

ஒரு குழுவில் நான் பார்த்தது. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி முப்பது தடவைக்கு மேல் உரசியிருப்பாள். பொறி கொட்டுகிறது, பஞ்சு பற்றவில்லை. அவளுடைய ஆசிரியை குனிந்து கையை நீட்டினார். கொஞ்சம் பொறுங்கள் என்று சைகை காட்டினேன். சிறுமி நிறுத்திவிட்டுப் பஞ்சையே பார்த்தாள். அது அமுக்கிய உருண்டையாக இருந்தது. கையில் எடுத்து, இரண்டு விரல்களால் பிய்த்துப் பிய்த்து, மறுபக்கம் வெளிச்சம் தெரியும் அளவுக்கு விரித்தாள். மறுபடி கீழே வைத்தாள். முன்பு சுரண்டியைக் கோலின் மேல் முன்னோக்கித் தள்ளிக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு தடவையும் அது பஞ்சை இடித்துக் கலைத்தது. இப்போது சுரண்டியை அசையாமல் பிடித்துக்கொண்டு கோலைப் பின்னால் இழுத்தாள். இரண்டாவது இழுப்பில் பஞ்சின் ஓரம் பழுப்பானது, பிறகு சத்தமே இல்லாமல் முழுதும் பற்றியது. அவள் கத்தவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. உடனே தீக்குச்சி பருமனுள்ள சுள்ளியை ஒவ்வொன்றாக மேலே வைக்க ஆரம்பித்தாள். அந்த இடத்தில் ஆசிரியையின் கை உள்ளே வந்திருந்தால் தீ பற்றியிருக்கும். பஞ்சை விரிக்க வேண்டும் என்பதை அவள் கண்டுபிடித்திருக்க மாட்டாள். கூட வரும் பெரியவர்களுக்கு நான் வைக்கும் ஒரே வேண்டுகோள், கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள் என்பதுதான்.

ஆபத்துக்கு மட்டும் கையை அவிழ்க்கலாம். அதற்கான ஏற்பாடு முன்பே இருக்க வேண்டும். தண்ணீர் வாளி வந்து நின்ற பிறகுதான் பொறிக்கோல் கைக்குப் போகும். நீள முடியைக் கட்டிக்கொள்ள வேண்டும். துப்பட்டா, தொங்கும் கயிறு, நைலான் மேல்சட்டை கூடாது. தீக்கு முன் சம்மணம் போட்டு உட்காரக் கூடாது, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி உட்கார வேண்டும். அப்படியானால்தான் நொடியில் பின்னால் எழுந்து நகர முடியும். தீயைச் சுற்றி உட்காரும் கட்டைகள் ஒன்றரை மீட்டராவது தள்ளி இருக்கட்டும், கட்டைகளுக்கு உள்ளே யாரும் குறுக்கே நடக்கக் கூடாது. மக்கிய இலைதழையால் ஆன, தானே புகையக்கூடிய கரிமண் நிறைந்த தரையிலும் வேர்கள் மேலே தெரியும் இடத்திலும் தீ வைக்காதீர்கள். தீ மண்ணுக்குள் இறங்கி, நீங்கள் வீடு போய்ச் சேர்ந்த பிறகும் புகைந்துகொண்டிருக்கும். கால் வைத்த இரும்புத் தட்டில் மூட்டுவது எல்லாவற்றையும் விட நல்லது. சுட்டுக்கொண்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம். ஐஸ், பேஸ்ட், எண்ணெய் எதுவும் வேண்டாம். 20 நிமிடம் ஊற்றத் தண்ணீர் நிறைய வேண்டும், அதனால் குடிக்கவும் அணைக்கவும் உள்ளது போகத் தனியாக 20 லிட்டர் நல்ல தண்ணீர் கொண்டுபோவேன்.

தீயில் எதையாவது வாட்டிச் சாப்பிட ஆசைப்படுவார்கள். குத்திப் பிடிக்கும் குச்சியை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். பெயர் தெரியாத செடியின் குச்சியை உணவில் குத்தக் கூடாது. அரளி மாதிரி எல்லாப் பாகமும் விஷமான செடிகள் உண்டு.

மதியம் குடில். இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டித் தார்ப்பாய் போடுவது எளிது, அதையே முதலில் செய்யச் சொல்லுங்கள். ஒரு முடிச்சு போதும்: கயிற்றை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, இழுபட்டு நிற்கும் கயிற்றின் மேல் இரண்டு அரைமுடிச்சு. பாரத்தை அந்தச் சுற்றுகளே தாங்கிக்கொள்வதால், கயிறு விறைப்பாக இருக்கும்போதும் சுலபமாக அவிழும். பிள்ளைகள் தாங்களாகப் போடும் முடிச்சு எதுவும் அவிழாது. சாயங்காலம் கத்தியோடு நீங்கள் ஒவ்வொரு மரமாகப் போக வேண்டியிருக்கும். ஆகவே ‘கட்டியதை அவிழ்த்துக் காட்டினால்தான் முடிச்சு’ என்று சொல்லிவிடுங்கள்.

பிறகு கொம்பும் சருகும் கொண்டு சாய்ப்புக் குடில். கவையுள்ள இரண்டு கொம்புகள், மேலே ஒரு முகட்டுக் கொம்பு, அதன் மேல் சாய்வாகச் சுள்ளிகள், அதற்கும் மேல் சருகு. சருகு எவ்வளவு? கையை உள்ளே விட்டால் முழங்கை வரை போக வேண்டும். அதுதான் எல்லோரும் அசந்துபோகும் இடம், ஏனென்றால் குவித்தது எல்லாம் முழங்கையின் பாதிக்குக்கூட வராது. சருகு ஏன் வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்காமல், ஒரே அளவு வெந்நீர் நிரப்பிய இரண்டு பாட்டில்களை எடுத்து, ஒன்றைச் சருகுக்குள் புதைத்து, இன்னொன்றை வெளியே வைத்துவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பிள்ளைகளே வெப்பமானியை விட்டுப் பார்க்கட்டும். கூரைக்கு இறுதிச் சோதனை: கட்டியவர்கள் உள்ளே உட்கார, மேலே ஒரு குவளைத் தண்ணீர்.

உயிருள்ள கிளையை ஒடிக்கக் கூடாது. உளுத்துப்போன பெரிய கட்டையையும் புரட்டி இழுத்து வரக் கூடாது; அது வண்டுக்கும் காளானுக்கும் வீடு. தன் கையை விட நீளமான கொம்பைத் தோளில் தூக்காமல், ஒரு முனையைத் தரையில் இழுத்துக்கொண்டு வர வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேர் பிடிக்க வேண்டும். கண்ணில் குத்துவது இந்த வேலையில்தான் நடக்கும். கிளம்பும் முன் குடில்கள் எல்லாவற்றையும் கலைத்துச் சருகைப் பரப்பிவிடச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு மனசு வராது, அழுகிற பிள்ளையும் உண்டு. ஒரு புகைப்படம் எடுத்துக் கொடுத்துவிட்டுக் கலையுங்கள். யாருமில்லாத நேரத்தில் வேறு குழந்தைகள் உள்ளே போய் அது சரிந்தால் என்ன ஆகும் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

வழிதவறுவது பற்றி. எல்லையைச் சொன்னால் மட்டும் போதாது; காலையில் எல்லோரும் சேர்ந்து எல்லையைச் சுற்றி நடந்து, மரங்களில் பளிச்சென்ற ரிப்பனைப் பிள்ளைகளே கட்ட வேண்டும். கழுத்தில் ஆளுக்கொரு விசில். வழி தெரியாவிட்டால் தேடி நடக்காதே, பக்கத்தில் உள்ள ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இரு, மூன்று தடவை ஊது, நிறுத்து, மறுபடி ஊது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1981-இல் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் மலைக்காட்டில் வழிதவறி இறந்துபோனான். அவனைத் தேடப் போனவர்கள் அதன் பிறகு பள்ளி பள்ளியாகக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய பாடம் இது. நடந்துகொண்டே இருக்கும் குழந்தையைத் தேடுவது கடினம், ஒரே இடத்தில் இருக்கும் குழந்தையைக் கண்டுபிடிப்பது சுலபம். ‘திட்டுவார்களோ’ என்று பயந்து, கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்லாமல் ஒளிந்துகொள்ளும் பிள்ளைகளும் உண்டு. ஆகவே ‘தொலைந்துபோனால் யாரும் உன்னைத் திட்ட மாட்டார்கள்’ என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள், இரண்டு தடவை சொல்லுங்கள்.

உண்ணி: முழுக்கால் உடை, வீடு போனதும் உடம்பு முழுக்கப் பார்ப்பது. கடித்திருந்தால் மெல்லிய முனையுள்ள இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எண்ணெய் விடுவதும் சூடு வைப்பதும் தவறு. அடுத்த நாட்களில் காய்ச்சலோ தடிப்போ வந்தால் மருத்துவரிடம் காட்டில் இருந்ததையும் சேர்த்துச் சொல்லும்படி பெற்றோருக்கு எழுதி அனுப்புங்கள். கழிவறை இல்லாத இடமென்றால் நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி, சுற்றித் திரை. எங்கே என்று முதலிலேயே காட்டிவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டு நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

தீயை அணைப்பது பெரியவர்கள் வேலை என்று விட்டுவிடாதீர்கள், மூட்டியவர்களே அணைக்கட்டும். தண்ணீர் ஊற்று, குச்சியால் கிளறு, மறுபடி ஊற்று, சீறும் சத்தம் நிற்கும் வரை. பிறகு பெரியவர் புறங்கையைச் சாம்பலுக்கு மேலே கொண்டுபோய்ப் பார்த்துச் சூடு இல்லை என்று உறுதி செய்த பிறகு, பிள்ளைகளும் ஒவ்வொருவராகப் பார்க்கட்டும்.

முடிந்தால் அதே காட்டுக்கு மறுபடி போங்கள். 1993-இல் இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டர் கல்லூரியிலிருந்து டென்மார்க்குக்குப் போய், அங்கே சிறு குழந்தைகள் திறந்த வெளியிலேயே வளர்வதைப் பார்த்தவர்கள் திரும்பி வந்து தொடங்கியதுதான் இன்று பல நாடுகளில் ‘ஃபாரஸ்ட் ஸ்கூல்’ என்று நடக்கிறது. ஒரு நாள் உல்லாசப் பயணமாக இல்லாமல், ஒரே குழு ஒரே காட்டுக்குத் திரும்பத் திரும்பப் போவதுதான் அதன் அடிப்படை. இரண்டாம் முறை போகும்போது எல்லையைக் காட்ட வேண்டியதில்லை, போன முறை மூட்டிய இடத்துக்கு அவர்களே ஓடுவார்கள். கத்தியை அப்போது கொடுங்கள்.

அதுவும் நேராகக் கத்தி இல்லை. பீலர் என்று சொல்லும் காய்கறி தோல் சீவியால் பச்சைக் குச்சியின் பட்டையை உரிப்பதில் தொடங்கலாம். அசைவு அதே, வெட்டு விழுந்தாலும் ஆழமிருக்காது. பிறகு மடக்காத, குட்டையான கத்தி. மடக்குக் கத்தி விரல் மேல் மடங்கும். மொன்னைக் கத்தி பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள், அழுத்தம் கூடி வழுக்குவது அதுதான். உட்கார்ந்துதான் சீவ வேண்டும், முழங்கைகளை முழங்கால்களில் ஊன்றி, கத்தி முழங்காலுக்கு வெளியே போகும்படி. தொடையின் உட்புறத்தில் பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது. ஒரு பெரியவருக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று பிள்ளைகள். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். உங்கள் அட்டவணையில் இந்த முறை கத்தி வேண்டாம் என்றதற்குக் காரணம் இந்த ஆள் கணக்குதான்.

இன்னொரு காரணம், என் கண் முன்னால் நடந்தது. ஒரு பள்ளிக் குழுவில் ஒரு பையன் குச்சி சீவிக்கொண்டிருந்தான். மேலே சொன்ன எதையும் அவன் மீறவில்லை. பின்னாலிருந்து அவன் தோழி வந்து, தான் செய்ததைக் காட்டத் தோளைத் தொட்டாள். அவன் திரும்பினான், கையோடு கத்தியும் திரும்பியது. அவளுடைய முன்கையில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு வெட்டு. நான்கு தையல் போட்டார்கள். அன்று விதிகளை எல்லாம் கத்தி வைத்திருந்தவர்களுக்கு மட்டும்தான் சொல்லியிருந்தேன். சும்மா நடந்துகொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அது என் தவறு. அதிலிருந்து கத்தி உறையை விட்டு வெளியே வருவதற்கு முன், ஒவ்வொரு பிள்ளையும் உட்கார்ந்த இடத்தில் கையை நீட்டி ஒரு சுற்று சுற்றிக் காட்ட வேண்டும். கை எட்டும் அந்த வட்டம் அவனுடையது. வேறொருவர் அதற்குள் வர வேண்டுமென்றால் வெளியே, அவன் கண்ணுக்கு எதிரே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவன் கத்தியை உறையில் போட்டுவிட்டு ‘வா’ என்று சொன்ன பிறகே காலை எடுத்து வைக்கலாம். இதைக் கத்தி இல்லாமல், வெறும் குச்சியைக் கையில் கொடுத்து, பத்து நிமிடம் விளையாட்டாகச் செய்ய வையுங்கள்.